எலக்ட்ரானால் ஆகும் ஒளி: அறிவியல் தமிழில் பெயரும் தொடரும்

ஆய்வுச் சுருக்கம்

உலோக முனையிலிருந்து விடுபட்டு வெற்றிடத்தில் விரையும் எலக்ட்ரான்களைக் கொண்டு ஒளியின் குவாண்டம் நிலைகளை ஆக்கும் ஆய்வுகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்துள்ளன. இவற்றைத் தமிழில் எழுதும்போது நேரும் இடர்ப்பாட்டுக்குக் கலைச்சொற்களின் போதாமையைக் காரணமாகக் கூறுவது வழக்கம். பிழையின் பெரும்பகுதி பெயர்ச்சொல்லில் நேர்வதன்று; எச்சம், வேற்றுமை, இடைச்சொல் ஆகியவற்றின் தேர்வில் நேர்வது என்பதே இக்கட்டுரையின் கருத்து. எனவே அறிவியல் தமிழின் அடுத்தகட்டப் பணி சொல்லாக்கத்திலிருந்து தொடராக்கத்திற்கு நகர வேண்டும் என்பதும், அப்பணியில் தமிழ்த்துறைகளுக்கு நேரடியான பொறுப்பு உண்டு என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், எலக்ட்ரான், ஃபோட்டான், குவாண்டம் நிலை, மேற்பொருந்துதல், எண்ணும்மை, மூன்றாம் வேற்றுமை

முன்னுரை

1931ஆம் ஆண்டு பெர்லினில் மாக்ஸ் நோல், எர்ன்ஸ்ட் ருஸ்கா ஆகிய இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தை உருவாக்கினர். அப்பணிக்காக ருஸ்காவுக்கு 1986இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அன்று தொட்டு எலக்ட்ரான் கற்றை, ஒளியால் காட்டவியலாத நுண்பொருள்களைக் காட்டும் ஒரு கண்ணாகவே பயன்பட்டு வந்தது. அண்மைக்காலத்தில் அதே நுண்ணோக்கிக்குள் அக்கற்றைக்கு வேறொரு பணியும் தரப்பட்டுள்ளது. அது ஒளியைக் குறித்த குவாண்டம் நிலையில் ஆக்கித் தருவதாகும்.

'ஒளியின் குவாண்டம் நிலை' என்பதை இங்கு விளக்கிவிடுவது நலம். ஒரே நிறமுடைய இரண்டு ஒளிகள் எல்லா வகையிலும் ஒத்தவை ஆகா. சூடேறிய இழையின் ஒளி, லேசர் ஒளி, சரியாக ஒரு ஃபோட்டான் மட்டும் உள்ள ஒளி ஆகிய மூன்றும் நிறத்தால் ஒத்திருக்கலாம். அவற்றில் ஃபோட்டான்களை எண்ணினால் கிடைக்கும் எண்ணிக்கையின் பரவலும், அவை அலையாக நடந்துகொள்ளும் முறையும் வேறுவேறாக இருக்கும். இவ்வேறுபாட்டிற்கு முறையான கணித வடிவம் தந்தவருள் முதன்மையானவர் ராய் கிளாபர். 1963இல் வெளிவந்த அவருடைய ஆய்வுகளுக்காக 2005இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எண்ணிக்கை உறுதியான ஒளியும், வழக்கமான லேசரில் கிடைக்காத பிற நிலைகளும் மறைபொருள் செய்தித்தொடர்பு, நுண்ணளவை, குவாண்டம் கணிப்பு ஆகியவற்றுக்குத் தேவைப்படுகின்றன. அவற்றை வேண்டியவாறு ஆக்குவதே கடினம்.

இத்துறை சார்ந்த ஆய்வு ஒன்றின் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கங்களில் எழுதித்தருமாறு, இயற்பியலில் முனைவர்பட்ட ஆய்வு மேற்கொண்டுள்ள நண்பர் ஒருவர் இக்கட்டுரையாளரைக் கேட்டார். தமிழிலக்கணத்தில் பயிற்சி பெற்றவர் எவரும் செய்வதுபோலவே முதலில் கலைச்சொற் பட்டியல் ஒன்று அணியமாக்கப்பட்டது. பிறகு கட்டுரை எழுதப்பட்டது. வரைவைப் படித்த நண்பர் பட்டியலில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாறாக, 'உம்' என்னும் இடைச்சொல் வந்த ஆறு இடங்களை அடிக்கோடிட்டு, இவை இயற்பியலில் பிழை என்றார். பெயர்கள் அனைத்தும் சரியாக இருந்தும் செய்தி தவறாகிவிட்ட அந்நிகழ்வே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாகும்.

1. 'கட்டுறா' என்னும் எச்சம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'கட்டுறா எலக்ட்ரான்' என்னும் தொடர் நன்கு வழங்குகிறது. உலோகத்திற்குள் எந்தத் தனி அணுவையும் சாராது உலவி, மின்னோட்டத்திற்குக் காரணமாகும் எலக்ட்ரான்களை அது குறிக்கும். இத்தொடரையே நுண்ணோக்கியின் வெற்றிடத்தில் செல்லும் எலக்ட்ரானுக்கும் இட்டு வழங்கினால் என்ன நேரும்?

'கட்டுறா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்மறைப் பெயரெச்சம் காலங்காட்டும் இடைநிலை பெறாமல் முக்காலத்துக்கும் பொதுவாக நிற்பது. ஆகவே 'கட்டுறா எலக்ட்ரான்' எனும்போது, அது என்றுமே கட்டுப்படாத ஒன்று என்னும் பொருளும் அதில் அடங்கிவிடுகிறது. மேலும், எதனால் கட்டுறவில்லை என்பதை அச்சொல் கூறுவதில்லை. உலோகத்தில் உலவும் எலக்ட்ரான் தனி அணுவால் கட்டுறவில்லை. ஆனால் உலோகத்தால் கட்டுண்டே இருக்கிறது. டங்ஸ்டன் உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்ற ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவைப்படுவது அக்கட்டின் அளவாகும். நுண்ணோக்கியின் எலக்ட்ரானோ அந்தக் கட்டையும் கடந்து வந்தது. கூரிய முனையொன்றிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2 இலட்சம் வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்டு, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டு வேகத்தில் அது செல்கிறது.

இவ்விரண்டையும் ஆங்கிலம் ஒரே அடைமொழியால் குறிக்கிறது. அம்மொழியினர் சூழலால் பொருள் கொள்கின்றனர். அவ்வடைமொழிக்கு நிகராகத் தமிழிலும் ஒரே சொல் இருந்தாக வேண்டும் என்னும் நெறி எதுவும் இல்லை. நுண்ணோக்கியின் எலக்ட்ரானை 'விடுபட்ட எலக்ட்ரான்' எனலாம் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. இறந்தகாலப் பெயரெச்சமாகிய 'விடுபட்ட' என்பது, முன்பு ஒரு கட்டு இருந்ததையும் இப்போது அது நீங்கியதையும் ஒருங்கே தெரிவிக்கிறது. இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பின் இதைக் கைவிடத் தடையில்லை. இங்குக் கருதத்தக்கது, தேர்வுக்குக் காரணமாக நின்றது அகராதிப் பொருளன்று, எச்சத்தின் காலம் என்பதேயாகும்.

விடுபட்டதனால் எலக்ட்ரானுக்கு வரும் பண்பே இத்துறையின் அடிப்படை. அணுவுக்குள் உள்ள எலக்ட்ரானின் ஆற்றல் குறித்த சில படிகளில் மட்டும் நிற்கக்கூடியது. படியிறங்கும்போது வெளிப்படும் ஒளியின் நிறமும் அப்படிகளால் வரையறுக்கப்பட்டது. விடுபட்ட எலக்ட்ரானுக்கு அவ்வரையறை இல்லை. அருகிலுள்ள அமைப்பு எந்த அலைநீளத்திற்கு இடந்தருகிறதோ அந்த அலைநீளத்தில் அது ஒளியைத் தரலாம். ஒரு ஃபோட்டானைத் தந்தபின் இரண்டாவதையும் மூன்றாவதையும் தரலாம். ஒவ்வொரு முறையும் அதன் ஆற்றல் சம அளவில் குறைந்துகொண்டே செல்லும். அதன் தொடக்க ஆற்றல் 2 இலட்சம் எலக்ட்ரான்வோல்ட். செய்தித்தொடர்பு இழைகளில் வழங்கும் அகச்சிவப்பு ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 0.8 எலக்ட்ரான்வோல்ட். இழப்பு இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கே. ஆயினும் இன்றைய நிறமாலைமானிகள் அவ்விழப்பைப் பிரித்தறிகின்றன.

2. எலக்ட்ரானால்: கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி

'எலக்ட்ரானால் ஒளியின் நிலை ஆக்கப்படுகிறது' என்று எழுதுகிறோம். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் மூன்று பொருள்களை இலக்கண நூலார் வகுத்துள்ளனர். இத்தொடரில் 'ஆல்' உணர்த்துவது யாது? இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டால் இத்துறையின் வரலாறே அதில் அடங்கியிருப்பதை அறியமுடிகிறது.

நுண்ணோக்கியின் நெடுங்கால வழக்கில் எலக்ட்ரான் கருவியே. உளியால் மரத்தைச் செதுக்குவது போல, எலக்ட்ரானால் பொருளைக் கண்டனர். 2009இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அகமது செவாயில் குழுவினர், நுண்கம்பிகளின் அருகே லேசர் துடிப்பையும் எலக்ட்ரான் துடிப்பையும் ஒருசேரச் செலுத்தினர். எலக்ட்ரான்கள் ஃபோட்டான் ஆற்றலின் முழுமடங்குகளாகவே ஆற்றலைப் பெற்றும் இழந்தும் வந்தமை கண்டறியப்பட்டது. 2015இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ரோப்பர்ஸ் குழுவினர், இம்மாற்றம் தற்செயலான மோதல்களின் தொகுப்பன்று என்றும், ஒரே எலக்ட்ரான் பல ஆற்றல்களின் மேற்பொருந்திய நிலைக்குச் செல்லும் ஒழுங்கான நிகழ்வு என்றும் நிறுவினர். இவ்விரண்டு ஆய்வுகளிலும் லேசரே வினை செய்தது. எலக்ட்ரான் அவ்வினையின் பயனை ஏற்றது. தொடரிலக்கணத்தின்படி அது செயப்படுபொருள்.

அடுத்த படியில் எலக்ட்ரான் கருத்தாவாகிறது. ஆனால் இதற்கு ஓர் இயற்பியல் தடை உண்டு. வெற்றிடத்தில் சீரான வேகத்தில் செல்லும் எலக்ட்ரான் தானாக ஒரு ஃபோட்டானைத் தர இயலாது. அவ்வாறு தந்தால் ஆற்றல் அழியாமை, உந்த அழியாமை ஆகிய இரண்டையும் ஒருங்கே நிறைவுசெய்ய முடியாது. அருகில் ஒரு பொருளோ அமைப்போ இருந்தாக வேண்டும். 1934இல் செரன்கோவ் கண்ட நீலவொளியும், 1953இல் ஸ்மித், பர்செல் ஆகியோர் வரியிட்ட உலோகத் தளத்தருகே கண்ட ஒளியும் அத்தகையன. இன்றைய ஆய்வுகளில் அவ்விடத்தை நிரப்புவது நுண்ணிய ஒத்ததிர்வு வளையம் முதலான ஒளிச்சிறைகளாகும். வளையத்தின் பொருளுக்குள் ஒளி மெதுவாகச் செல்கிறது. அவ்வேகமும் எலக்ட்ரானின் வேகமும் பொருந்தும்படி அமைத்தால், வளையத்தைத் தொடாமல் அதன் அருகே செல்லும் எலக்ட்ரான் அதற்குள் ஒளியை ஏற்படுத்திச் செல்லும். 2020இல் கோட்டிங்கன் குழுவினரும், இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியானில் இடோ காமினர் குழுவினரும் இத்தகைய ஒளிச்சிறைகளோடு எலக்ட்ரானை இணைத்துக் காட்டினர்.

இங்கு வினைச்சொல்லையும் கருத வேண்டும். 'எலக்ட்ரான் ஃபோட்டானை உமிழ்கிறது' என்பது நம் நூல்களின் வழக்கு. உமிழ்தல், முன்பே உள்ளிருந்ததை வெளியே விடுதலைக் குறிக்கும். எலக்ட்ரானுக்குள் ஃபோட்டான் முன்பு இருந்ததில்லை. மேலும், எங்கு, எந்த அலைநீளத்தில், எவ்வளவு வலுவாக என்பவற்றை வளையமே தீர்மானிக்கிறது. எனவே 'ஆக்குதல்' என்னும் வினை இவ்விடத்திற்குப் பொருத்தமானது. கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா எனப் பகுக்கும் நம் மரபு இங்கு உதவுகிறது. வளையத்தை வடிவமைத்து வேகத்தைப் பொருத்தும் ஆய்வாளர் ஏவுதற்கருத்தா, எலக்ட்ரான் இயற்றுதற்கருத்தா. ஆசிரியர் பெயரையும் எலக்ட்ரானையும் ஒரே தொடரில் 'ஆல்' உருபோடு எழுதும்போது இவ்வேறுபாட்டைத் தொடரமைப்பில் காட்டாவிடில் படிப்பவர் குழம்புவர்.

மூன்றாம் படி உடனிகழ்ச்சி. 2022இல் கோட்டிங்கன் குழுவினரும் சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் தோபியாஸ் கிப்பன்பெர்க் குழுவினரும் இணைந்து, சிலிக்கான் நைட்ரைடு வளையத்தைக் கொண்டு எலக்ட்ரான்-ஃபோட்டான் இணைகளை ஆக்கினர். ஒரு ஃபோட்டான் அளவுக்கு ஆற்றல் குறைந்த எலக்ட்ரான் ஒருபுறம் பதிவாகும்போது, அதற்கு இணையாக ஃபோட்டான் ஒன்று மறுபுறம் இழைவழியே பதிவானது. அரசன் வருகையைக் கட்டியங்காரன் அறிவிப்பது போல, ஃபோட்டான் உண்டு என்பதை எலக்ட்ரான் அறிவிக்கிறது. இத்தகைய ஃபோட்டானை, 'கட்டியம் கூறப்பெற்ற ஃபோட்டான்' எனலாம்.

ஆயினும் உடனிகழ்ச்சிப் பொருளும் இங்கு முற்றப் பொருந்துவதில்லை என்பதையும் கூறியாக வேண்டும். 'தோழியோடு சென்றாள்' என்புழி இருவர்க்கும் தனித்தனியே செலவு உண்டு. எலக்ட்ரானும் ஒளியும் பின்னிப் பிணைந்த நிலையில் இருக்கும்போது, இரண்டுக்கும் சேர்த்து ஒரு முழுமையான நிலை உண்டு; தனித்தனியே அத்தகைய நிலை இல்லை. நம் வேற்றுமைப் பொருள்கள் இதுவரை நம்மைக் கொண்டுவந்தன. இதற்குமேல் தமிழில் விளக்கத் தொடர் வேண்டுமேயன்றி உருபு ஒன்று போதாது.

3. ஐய ஓகாரமும் எண்ணும்மையும்

நண்பர் அடிக்கோடிட்ட இடங்களுக்கு இப்போது வரலாம். ஓர் எலக்ட்ரான் வளையத்தைக் கடந்தபின் வளையத்தில் உள்ள ஒளியை எப்படிக் கூறுவது? மூன்று சூழல்கள் உள்ளன.

முதற்சூழலில், குறித்த ஓர் ஆற்றலோடு வந்த எலக்ட்ரானைக் கடந்துசென்றபின் அளக்கிறோம். அதன் ஆற்றல் இரண்டு ஃபோட்டான் அளவுக்குக் குறைந்திருப்பின், வளையத்தில் சரியாக இரண்டு ஃபோட்டான்கள் உள. இது 'எண் நிலை'. இதற்குரிய தொடர் நிபந்தனைத் தொடர். 'குறைந்திருப்பின்' என்னும் வினையெச்சம் இங்குப் பிழையின்றிப் பொருந்துகிறது.

இரண்டாம் சூழலில், அதே எலக்ட்ரானை அளவாமல் விட்டுவிட்டு ஒளியை மட்டும் ஆராய்கிறோம். ஒன்றோ, இரண்டோ, ஒன்றுமில்லையோ என்னும் நிலையே நமக்கு எஞ்சுகிறது. ஒளியை மட்டும் அளப்பவர்க்கு இந்நிலை வெறும் ஐயத்திலிருந்து வேறுபடுத்த முடியாதது. இங்கு ஐயப்பொருளில் வரும் ஓகாரம் சரியாகவே அமைகிறது.

மூன்றாம் சூழல் இத்துறையின் தனிச்சிறப்பு. எலக்ட்ரானை முன்கூட்டியே ஒரு லேசர் புலத்தின் வழியே செலுத்தி, சம இடைவெளியுள்ள பல ஆற்றல்கள் மேற்பொருந்திய நிலையில் அதை அமைத்துவிடலாம். அவ்வாற்றல்களை வரைந்தால் சீப்பின் பற்கள்போலத் தோன்றும். இடைவெளி ஒரு ஃபோட்டான் ஆற்றலுக்குச் சமம். இந்த எலக்ட்ரான் வளையத்திற்கு ஒரு ஃபோட்டானைத் தந்தால் சீப்பு ஒரு பல் அளவு தள்ளி நிற்கும். நெடிய சீப்பை ஒரு பல் தள்ளிவைத்தால் ஓரங்கள் நீங்கலாக முன்போலவே இருக்கும். ஆகவே எத்தனை ஃபோட்டான்கள் தரப்பட்டன என்பதற்கான பதிவு எலக்ட்ரானிடம் ஏறத்தாழ இல்லை. பதிவு இல்லாதபோது ஒளி ஐயநிலையில் நிற்பதில்லை. லேசர் ஒளியைப் போன்ற 'ஓரியல் நிலை'யை அடைகிறது.

இரண்டாம் சூழலின் ஒளியிலும் மூன்றாம் சூழலின் ஒளியிலும் ஃபோட்டான்களை எண்ணினால் ஒரே பரவலே கிடைக்கும். எண்ணிக்கையால் அவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. அலையாக அளந்தால் வேறுபாடு புலப்படும். முன்னதில் கட்டம் வரையறை இல்லாததால் மின்புலத்தின் சராசரி சுழி. பின்னதில் கட்டம் வரையறையுள்ளதால் சராசரி சுழியன்று. ஆகவே 'ஒன்றோ இரண்டோ' என்பது பின்னதற்குப் பொருந்தாது.

இவ்விடத்தில்தான் நாம் எண்ணும்மையை நாடுகிறோம். 'ஒளி ஒரே நேரத்தில் ஒரு ஃபோட்டானாகவும் இரண்டு ஃபோட்டானாகவும் உள்ளது' என்பது வரைவில் இருந்த தொடர். மேற்பொருந்துதலை விளக்கும் எளிய நூல்கள் பலவும் இவ்வாறே எழுதுகின்றன. ஆங்கில நூல்களும் இதற்கு விலக்கல்ல. எண்ணும்மை இரண்டையும் உண்மையெனக் கொண்டு கூட்டுவது. ஒன்றும் இரண்டும் என்றால் மூன்று என்றே தமிழ்ச்செவி கொள்ளும். அப்பொருள் இங்கு இல்லை. எண்ணினால் ஏதேனும் ஓர் எண்ணிக்கையே கிடைக்கும். எண்ணாமல் அலையாக அளந்தால் அக்கூறுகளுக்கு இடையிலான கட்ட உறவு வெளிப்படும். ஓகாரம் அந்த உறவை இல்லையென்று ஆக்கிவிடுகிறது. உம்மை இரண்டையும் தனித்தனி உண்மைகளாக ஆக்கிவிடுகிறது. இரண்டும் பிழை.

தீர்வு உம்மையை முற்றிலும் விலக்குவதன்று. அது எதைச் சேர்க்கிறது என்பதைத் திருத்துவது. 'ஒரு ஃபோட்டான் என்னும் கூறும் இரண்டு ஃபோட்டான் என்னும் கூறும் குறித்த கட்ட உறவில் மேற்பொருந்திய நிலையில் ஒளி உள்ளது' என்னும் தொடரில் உம்மை கூறுகளைச் சேர்க்கிறது. பயனிலை ஒரே நிலையைச் சொல்கிறது. தொடர் நீண்டாலும் பொருள் திரிவதில்லை.

இந்த வேறுபாடு இத்துறையின் எதிர்பார்ப்புகளோடு நேரடியாகத் தொடர்புடையது. சீப்பின் பல்லிடைவெளியை இரண்டு ஃபோட்டான் ஆற்றலுக்குச் சமமாக அமைத்தால், எலக்ட்ரானை அளப்பதன்மூலம் தரப்பட்ட எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்பதை மட்டும் அறியலாம். எத்தனை என்பதை அறியவியலாது. இரட்டை எனக் கண்டால், ஒளி இரட்டை எண்ணிக்கைக் கூறுகள் மட்டும் மேற்பொருந்திய நிலையை அடையும். ஷ்ரோடிங்கரின் பூனையை ஒட்டி இதனைப் 'பூனை நிலை' என்பர். இத்தகைய நிலைகளையும், 2001இல் காட்டஸ்மன், கிதாயேவ், பிரெஸ்கில் ஆகியோர் குவாண்டம் கணிப்பின் பிழைதிருத்தத்திற்காக முன்மொழிந்த நிலைகளையும் வடிவமைத்த எலக்ட்ரான்களால் ஆக்கலாம் என்னும் கோட்பாட்டு ஆய்வு டெக்னியான் குழுவினரால் 2023இல் வெளியிடப்பட்டது. அதற்கு எலக்ட்ரானுக்கும் ஒளிக்கும் இடையிலான இணைவு மிக வலுவாக வேண்டும். அதுவே இத்திட்டத்தின் பெருந்தடை. 'இரட்டையோ ஒற்றையோ' என்று எழுதுபவர்க்கும் 'இரட்டையும் ஒற்றையும்' என்று எழுதுபவர்க்கும் இத்திட்டம் எதைத் தேடுகிறது என்பதே விளங்காது.

மற்றொன்றும் இங்குக் கூறத்தக்கது. 'நாம் பார்க்கும்போது நிலை மாறுகிறது' என்று எழுதுவது தமிழில் பரவலாகிவிட்டது. மேற்கண்ட மூன்று சூழல்களையும் ஒப்பிட்டால் இது போதாமை தெளிவு. இரண்டாம் சூழலில் எலக்ட்ரானை எவரும் பார்க்கவில்லை. இருந்தும் ஒளி தன் கட்டத்தை இழந்தது. யாரேனும் அறிந்தனரா என்பதன்று, அறியத்தக்க பதிவு எலக்ட்ரானிடம் உள்ளதா என்பதே வினா. 'பார்க்கும்போது' என்பதற்கு மாறாகப் 'பதிவு எஞ்சும்போது' என்று எழுதினால் அந்த மயக்கம் நீங்கும்.

4. எதிர்ப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று எதிர்ப்புகள் எழலாம். முதலாவது, சமன்பாடு துல்லியமாகக் கூறுவதை மொழித்தொடர் ஏன் சுமக்க வேண்டும் என்பது. சமன்பாட்டை எழுதத் தெரிந்த ஆய்வாளர்க்கு இது பொருந்தும். ஆனால் சமன்பாட்டைக் கற்கும் முன்னரே மாணவர் மனத்தில் ஒரு தொடர் பதிந்துவிடுகிறது. அத்தொடர் பிழையானால் பின்னர்க் கற்கும் சமன்பாட்டையும் அதன்வழியே பொருள் கொள்வர்.

இரண்டாவது, குவாண்டம், எலக்ட்ரான், ஃபோட்டான் ஆகியவற்றுக்கே தமிழில் ஒருமித்த சொல் இல்லாதபோது தொடரைப் பற்றிப் பேசுவது முறையா என்பது. எலக்ட்ரான் தமிழ்நாட்டில் எலக்ட்ரான் எனவும் மின்னணு எனவும், இலங்கையில் இலத்திரன் எனவும் வழங்குகிறது. குவாண்டத்திற்கு இலங்கை வழக்கில் சத்திச்சொட்டு என்னும் சொல்லும் உண்டு. இவற்றுள் எதனைக் கொண்டாலும் மேலே காட்டிய உம்மைப்பிழை அப்படியே நிற்கும். இக்கட்டுரை 'ஒளித்துகள்' என்பதை விடுத்து 'ஃபோட்டான்' என்பதைக் கொண்டதற்குக் காரணமும் தொடர்சார்ந்ததே. துகள் எனின் முன்பே எண்ணிக்கை உறுதியான ஒன்று எனப் படிப்பவர் கொள்வர். எண்ணிக்கை உறுதியற்ற ஓரியல் நிலையைப் பின்னர் விளக்குவது கடினமாகிவிடும்.

மூன்றாவது எதிர்ப்பே நம்மிடையே வலுவானது. இக்கருத்தின் ஒரு பகுதி கருத்தரங்கு ஒன்றில் முன்வைக்கப்பட்டபோது, இது தமிழாய்வா என்னும் வினா எழுந்தது. அறிவியலை உள்ளடக்கமாகக் கொண்ட கட்டுரை தமிழாய்வாக ஏற்கப்படுவதற்கு நம்மிடம் ஒரு குறுக்குவழி உண்டு. பண்டை நூலொன்றில் அவ்வறிவியல் முன்பே கூறப்பட்டுள்ளது என்று காட்டுவதே அது. இக்கட்டுரை அவ்வழியை மறுக்கிறது. வேற்றுமைப் பொருள்களை வகுத்தவர்கள் ஃபோட்டானை அறிந்திருந்தனர் என்பது இங்கு வாதமன்று. அவ்வாறு கூறுவது அவர்களுக்கும் பெருமை சேர்க்காது, இயற்பியலுக்கும் பயன்படாது. அவர்கள் வகுத்தது மொழியின் இயல்பு. அவ்விலக்கணம், இன்று எழுதப்படும் ஒரு தொடர் எங்கே பிழைபடுகிறது என்பதைக் காணும் கருவியாக நமக்குக் கிடைத்துள்ளது. அதனைப் பயன்படுத்துவது தமிழாய்வே.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனும், 20ஆம் நூற்றாண்டில் பெ.நா. அப்புசுவாமியும் சொல்லை மட்டும் ஆக்கியவர்கள் அல்லர். நூல் முழுவதையும் தமிழில் எழுதியவர்கள். அவர்களுக்குப் பின் சொல்லாக்கம் தனியொரு துறையாக வளர்ந்தது. அத்துறையின் பயன் பெரிது. ஆனால் அவர்கள் எழுதிய தொடர்களை இலக்கண நோக்கில் ஆராய்வது அந்த அளவுக்கு வளரவில்லை.

முடிவுரை

விடுபட்ட எலக்ட்ரானால் ஒளியின் குவாண்டம் நிலைகளை ஆக்கும் துறை இன்னும் இளமையானது. அதன் ஆய்வுகளுட் சில செய்து காட்டப்பட்டவை. சில கோட்பாட்டளவில் நிற்பவை. முடிந்துபோன அறிவியலுக்குப் பல்லாண்டுகள் கழித்துச் சொற்பட்டியல் இடுவதே நம் வழக்கமாக உள்ளது. வளர்ந்துவரும் ஒரு துறையை அது வளரும்போதே தமிழில் எழுதும் வாய்ப்பு இங்கு உண்டு.

இதற்கு மூன்று பணிகளை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. ஒன்று, கலைச்சொல் தொகுதிகள் ஒவ்வொரு சொல்லோடும் அச்சொல் வரும் ஒரு முழுத்தொடரையேனும் தர வேண்டும். அத்தொடரை அத்துறை அறிஞர் ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும். இரண்டு, அறிவியல் நூல்களின் தமிழ்நடையை எச்சம், வேற்றுமை, இடைச்சொல் நோக்கில் ஆராயும் ஆய்வுகளைத் தமிழ்த்துறைகள் முனைவர்பட்டத்திற்கு ஏற்க வேண்டும். மூன்று, அறிவியல் தமிழ்க் கட்டுரைகளை மதிப்பிடும்போது தமிழறிஞர் ஒருவரும் அறிவியல் துறையினர் ஒருவரும் சேர்ந்து மதிப்பிட வேண்டும். தனித்து மதிப்பிட்டால் முன்னவர் இயற்பியற் பிழையைக் காணார். பின்னவர் பிழையைக் கண்டாலும் அது எந்த உருபில் உள்ளது என்று கூற இயலாது.

நண்பருக்கு எழுதிய நான்கு பக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டு ஆறு பக்கங்களாயின. அடிக்கோடிட்ட ஆறு உம்மைகளுள் நான்கு நீக்கப்பட்டன; இரண்டு, கூறுகளைச் சேர்க்கும் உம்மைகளாக மாற்றப்பட்டன. கலைச்சொற் பட்டியலில் மாறியது ஒன்றே: 'கட்டுறா' என்பது 'விடுபட்ட' என்றாயிற்று.